மலை வீட்டுச் சுவரில் ஓதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓதம் என்றால் சுவரில் ஊறி நிற்கும் ஈரம். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் பக்கத்து வீடுகளை மனதில் வைத்து எழுதியது. சமவெளி வீட்டுக்குச் சொல்லும் வைத்தியம் பல நேரம் இங்கே எடுபடுவதில்லை. வீடு சரிவில் நிற்கிறது, மழை இரண்டு பருவமும் பெய்கிறது, வெயில் இருக்கும் நாளிலும் சுவர் சூடாவதில்லை.

சுவரின் அடியில் பெயின்ட் உரிந்து, பூச்சு மாவாகக் கொட்டுகிறது. இது தரையிலிருந்து ஏறும் ஓதம்தானா?

இருக்கலாம். ஆனால் மலையில் அப்படிக் கூப்பிட்டுக் காட்டப்படும் சுவர்கள் பலவற்றில் வேறு ஏதாவதாக இருக்கும்: மேட்டுப் பக்கத்து மண்ணிலிருந்து பக்கவாட்டில் ஊறும் நீர், கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து தெறிப்பது, குளியலறைக் குழாய்க் கசிவு, குளிர்ந்த சுவரில் வியர்க்கும் நீர். தரை ஓதத்துக்கென்று சில அடையாளங்கள் உண்டு. ஈரம் தரையை ஒட்டித் தொடங்கும், மேலே போகப் போகக் குறையும். பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும். அது நிற்கும் இடத்தில் பழுப்பு நிறத்தில், கிட்டத்தட்ட மட்டமாக ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டை ஒட்டித்தான் வெள்ளை உப்பு அதிகம் பூக்கும். கறுப்புப் பூஞ்சணம் இந்த உப்புப் பட்டையில் அவ்வளவாக வளராது. சுவர் மூலையிலும் பீரோவுக்குப் பின்னாலும் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தால் அது பெரும்பாலும் வியர்வை நீர்தான்.

ஒரே ஒரு சுவரில் மட்டும், அதுவும் மேட்டுப் பக்கச் சுவரில் மட்டும் ஈரம் என்றால் பக்கவாட்டு ஊற்றைச் சந்தேகியுங்கள். நடுச்சுவர்கள் உட்பட எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்துக்கு ஈரம் என்றால் தரை ஓதம்.

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சோதித்துப் பார்க்க வழி உண்டா?

இரண்டு சோதனைகள், இரண்டும் வீட்டிலேயே செய்யக்கூடியவை.

முதலாவது அலுமினியத் தாள் சோதனை. ஈரமான இடத்தில் ஒரு அடி சதுரத்துக்கு மேற்பரப்பைத் துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் காயவையுங்கள். சமையலறை அலுமினியத் தாளை அதன்மேல் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். இரண்டு இரவு விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நீர்த்துளி இருந்தால் அது காற்றிலிருந்து வந்த ஈரம். சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு தொல்லையும் இருக்கிறது என்று அர்த்தம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இது சகஜம்.

இரண்டாவது எடைச் சோதனை. சுவரில் ஈரத்தின் அளவை உயரவாரியாகக் காட்டுவது இதுதான். 9 அல்லது 10 மி.மீ. டிரில் பிட்டால், மெதுவான வேகத்தில், தரையிலிருந்து 10, 50, 100, 150 செ.மீ. உயரங்களில் துளையிடுங்கள். வேகமாகச் சுற்றினால் பிட் சூடாகித் தூளின் ஈரத்தை ஓட்டிவிடும். பூச்சின் தூளைத் தள்ளிவிட்டு உள்ளே இருக்கும் செங்கல் அல்லது காரைத் தூளை மட்டும் பிடித்து, உடனே தனித்தனி ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். நகை எடை போடும் சின்னத் தராசில் எடை பாருங்கள். பிறகு மின் அடுப்புப் பெட்டியில் 100–105 டிகிரியில் எடை குறைவது நிற்கும் வரை காயவைத்து மறுபடி எடை பாருங்கள். 30 கிராம் தூள் 27.6 கிராம் ஆனால் போன நீர் 2.4 கிராம், அதாவது காய்ந்த எடையில் சுமார் 8.7 சதவீதம். கீழே 9, நடுவில் 6, ஒரு மீட்டரில் 2 என்று இறங்கினால் தரை ஓதம். நான்கு உயரத்திலும் ஏறத்தாழ ஒரே எண் வந்தால் தரை ஓதமாக இருக்க வாய்ப்பில்லை. மேலே அதிகம், கீழே குறைவு என்றால் கூரையைப் பாருங்கள்.

இரண்டு ஊசி உள்ள ஈரமானி விற்கிறார்கள். அது மரத்துக்கு அளவு குறித்த கருவி. உப்பு ஏறிய சுவரில் அது பெரும்பாலும் உச்சத்தைக் காட்டும். அதைக் காட்டி ஓத மருந்து (ஓதத்தைத் தடுக்கும் ரசாயனம்) விற்பவரிடம் எடைச் சோதனை கேளுங்கள்.

தண்ணீர் கீழேதானே போகும், மேலே எப்படி ஏறுகிறது?

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போலத்தான். செங்கல்லிலும் காரையிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவை ஈர மண்ணிலிருந்து நீரை இழுக்கும். இழுக்கும் வேகமும் சுவர் மேற்பரப்பில் ஆவியாகும் வேகமும் சமமாகும் உயரத்தில் ஏற்றம் நின்றுவிடும். இதை மறக்காமல் இருந்தால் போதும், ஓத மருந்து விளம்பரங்களில் பாதியை நீங்களே ஒதுக்கிவிடலாம். ஆவியாவதை அடைத்தால் ஈரம் குறையாது, அடைப்புக்கு மேலே ஏறும்.

நீர் ஆவியாகும், கூட வந்த உப்பு ஆவியாகாது. அது பூச்சுக்குள் படிகமாகி, பருத்து, பூச்சை உள்ளிருந்து தள்ளி உடைக்கிறது. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் கட்டிய வீடு, வீட்டுக்கு மேலே பொட்டாஷும் யூரியாவும் போடும் கேரட், உருளைத் தோட்டம் உள்ள வீடு, இவற்றில் உப்புத் தொல்லை கூடுதலாக இருக்கும்.

வெள்ளைக்காரன் காலத்து பங்களா இத்தனை வருஷம் நன்றாகத்தானே இருந்தது? இப்போது மட்டும் ஏன்?

ஊட்டியில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் ஸ்டோன் ஹவுஸ் என்ற தன் பங்களாவைக் கட்டத் தொடங்கியது 1822-ல். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகள் முதல் வீடுகளைக் கட்டியது 1845-ல். அந்தக் காலத்துச் சுவர்கள் கல், நாட்டுச் செங்கல், மண் சாந்து, சுண்ணாம்புக் காரை. சிமென்ட் பரவலானது அதற்கு வெகு காலம் கழித்து. அப்படிப்பட்ட சுவர் ஈரத்தைத் தடுக்கவில்லை. வாங்கியது, வெளியே விட்டது. மேலே இருந்த சுண்ணாம்பு வெள்ளை அதற்கு வழிவிட்டது. கணப்பு தினமும் எரிந்து, புகைக்கூண்டு வழியாக ஈரக்காற்று வெளியேறியது.

பிறகு வந்தவை: வெளியே சிமென்ட் பூச்சு, உள்ளே பிளாஸ்டிக் பெயின்ட், முற்றத்துக்குக் கான்கிரீட், ஒவ்வொரு முறை தார் போடும்போதும் உயர்ந்த சாலை, மூடிய கணப்பு. சுவர் அதே சுவர்தான், ஈரம் வெளியேறும் வழிகள்தான் போய்விட்டன. பழைய வீடு என்றால் நாம் சேர்த்தவற்றைக் கழிப்பதுதான் பெரும்பாலும் முதல் வேலை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

வெளியிலிருந்து. மருந்து, பெயின்ட், ஊசி (சுவரில் துளையிட்டு மருந்து ஏற்றுவது) எல்லாம் அப்புறம்.

முதலில் வெளித்தரை மட்டத்தைப் பாருங்கள். அது வீட்டின் உள்தரையைவிட, அல்லது ஈரத்தடுப்பு அடுக்கு (ஈரம் ஏறாமலிருக்கக் கட்டும்போதே சுவரின் அடியில் போடுவது) இருந்தால் அதைவிட, குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மலை மழை தெறிக்கும் வேகத்துக்கு 20 செ.மீ. இருந்தால் நல்லது. மேட்டிலிருந்து மண் சரிந்து சரிந்து பின்சுவரில் ஒரு அடி ஏறியிருப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சுவரை ஒட்டிய பூப்பாத்தி, அடுக்கிய விறகு, கொட்டிய கட்டட இடிபாடு எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். வெளிப்பூச்சு மண்ணுக்குள் இறங்கியிருந்தால் அடியிலிருந்து 15 செ.மீ. வரை வெட்டி எடுத்துவிடுங்கள். அந்தப் பூச்சே ஈரத்துக்கு ஏணி.

அடுத்து கூரை. 50 சதுர மீட்டர் தகரக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 5,000 லிட்டர் தண்ணீர். வடகிழக்குப் பருவத்தில் குன்னூர், கோத்தகிரி பக்கம் ஒரே நாளில் அவ்வளவு பெய்யும். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. இந்தத் தண்ணீர் சுவரடியில் விழுந்துகொண்டிருந்தால் உள்ளே எந்த மருந்து வைத்தும் பயனில்லை. கூரையோரத் தகர வாய்க்காலில் யூகலிப்டஸ், சில்வர் ஓக் இலை அடைத்திருக்கும். ஜூனுக்கு முன் ஒருமுறை, அக்டோபருக்கு முன் ஒருமுறை இலையை வாரி எடுங்கள்.

மூன்றாவது, மேட்டுப் பக்கம் ஒரு கல்வாய்க்கால், அதாவது ஜல்லி நிரப்பிய அகழி. சுவரிலிருந்து 60 செ.மீ. முதல் ஒரு மீட்டர் தள்ளி, 30 செ.மீ. அகலம், 50 செ.மீ. ஆழம். அகழியின் அடி எந்த இடத்திலும் கடைக்காலின் அடிமட்டத்தைவிடக் கீழே போகக் கூடாது. பழைய கல் வீடுகளில் கடைக்கால் இரண்டு அடியோடு நின்றிருக்கும், ஆகவே ஒரு மூலையில் சின்னக் குழி போட்டு ஆழத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டாமல் இரண்டு மீட்டர் தோண்டி, நிரப்பி, அடுத்த இரண்டு மீட்டருக்குப் போங்கள். அடியில் நீர்விடும் துணியை (ஜியோடெக்ஸ்டைல்) விரித்து, 5 செ.மீ. ஜல்லி போட்டு, துளையிட்ட 110 மி.மீ. பி.வி.சி. குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். வாட்டம், அதாவது சரிவு, 10 மீட்டருக்கு 10 செ.மீ. கழுவிய முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச் ஜல்லியால் நிரப்பித் துணியை மேலே மடித்து மூடுங்கள். துணி இல்லாவிட்டால் நம் ஊர்ச் செம்மண் கரைந்து வந்து சில மழையிலேயே ஜல்லியை அடைத்துவிடும். 10 மீட்டருக்குத் தேவை: ஜல்லி சுமார் 50 கன அடி, அதாவது அரை யூனிட், துணி 2 மீட்டர் அகலத்தில் 10 மீட்டர்.

நீலகிரியில் ஜே.சி.பி. இறக்க முன்அனுமதி வேண்டும். இந்த வேலைக்குக் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும்.

குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பது முக்கியம். ஓடைக்கோ, ஊர் வாய்க்காலுக்கோ கொண்டுபோய்விடுங்கள். கீழ்வீட்டுக்காரரின் வெட்டிய மண்கரையில் விடாதீர்கள். சரிவின் விளிம்பில் உறிஞ்சுகுழி தோண்டுவதும் கூடாது. நீர் குடித்துக் கனத்த மண் என்ன செய்யும் என்பதை 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரி பார்த்திருக்கிறது.

சுவரைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுவிட்டால் தண்ணீர் இறங்காதே?

மேலிருந்து இறங்காது. ஆனால் கீழே ஏற்கெனவே இருக்கும் ஈரம் வெளியேற இருந்த ஒரே இடம் சுவர் என்றாகிவிடும். கான்கிரீட் வேண்டும் என்றால் சுவருக்கும் அதற்கும் இடையில் 15–20 செ.மீ. பட்டையை ஜல்லியாக விடுங்கள். கான்கிரீட் சுவரைவிட்டு விலகும் திசையில் 40-க்கு 1 வாட்டம் இருக்கட்டும்.

பின்சுவர் பாதி உயரம் மண்ணுக்குள் இருக்கிறது. அதற்குப் பின்னால் அடுத்த வீடு. தோண்டவே முடியாது.

மலையில் மிகக் கடினமான கேள்வி இது. அந்தச் சுவர் வீட்டுச் சுவரும் தடுப்புச் சுவரும் ஒன்றாக இருக்கும் சுவர். அதற்கு ஊசி மருந்து போடுவதில் பொருளே இல்லை. மருந்துக் கோட்டுக்கு மேலேயும் மண் இருக்கிறது, அங்கிருந்து ஊறும்.

இரண்டு வழி. ஒன்று, சுவரின் உள்முகத்தில் சிமென்ட் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சு. பழைய பூச்சை முழுதும் எடுத்துச் சுவரைக் கல் தெரியக் கழுவி, குழிகளை 1:3 சிமென்ட்–மணல் சாந்தால் நிரப்பி, தரையும் சுவரும் சேரும் முனையில் சாந்தால் வளைவு கொடுத்து, அதன்மேல் இரண்டு கை, அதாவது இரண்டு தடவைப் பூச்சு. முதல் கையைக் கிடையாக இழுத்தால் இரண்டாவதைச் செங்குத்தாக இழுங்கள். தரையில் 15 செ.மீ. திரும்பி, மண்மட்டத்துக்கு மேல் 30 செ.மீ. வரை ஏறி முடிய வேண்டும். பிறகு அதில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. மண் சாந்துச் சுவரில் இது ஒட்டி நிற்காது.

இன்னொன்று, தோல்வி குறைவானது: ஈரத்தைத் தடுக்காமல் மறைத்து வெளியேற்றுவது. மேடு மேடாக 8 மி.மீ. குமிழ் கொண்ட பிளாஸ்டிக் தகட்டைச் சுவரில் பொருத்தி, அதன் பின்னால் வழியும் நீரைத் தரையோரச் சிறு வாய்க்காலில் பிடித்து வெளியே விடுவது. அதற்கு முன்னால் தனிச் சட்டத்தில் பலகையோ, நாலரை இஞ்ச் சுவரோ. அறையில் அரை அடி போகும். படுக்கையறை என்றால் அந்த அரை அடியைக் கொடுங்கள் என்றுதான் சொல்வோம்.

அந்தச் சுவர் உள்பக்கம் புடைத்திருந்தாலோ, மட்டமான விரிசல் ஓடியிருந்தாலோ ஓதத்தை மறந்துவிட்டு முதலில் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

ஊசி போட்டு மருந்து ஏற்றுவது வேலை செய்யுமா? எப்படிச் செய்வது?

உண்மையான தரை ஓதம், செங்கல் அல்லது சாலிட் பிளாக் சுவர், வெளிமட்டம் சரிசெய்யப்பட்டது. இந்த மூன்றும் இருந்தால் வேலை செய்யும். பயன்படுத்துவது சிலேன்–சிலாக்சேன் கிரீம். அது காரையின் நுண்துளைச் சுவரில் படிந்து தண்ணீரை ஒட்டவிடாமல் செய்கிறது. துளையை அடைப்பதில்லை.

ஒன்பது இஞ்ச் சுவருக்கு இப்படி. வெளித்தரைக்கு 15 செ.மீ. மேலே, உள்தரையை ஒட்டி வரும் ஒரு கிடைக் காரை வரியைத் தேர்ந்தெடுங்கள். துளை செங்கல்லில் அல்ல, காரையில். 12 மி.மீ. பிட், ஆழம் 19 செ.மீ., அதாவது மறுபக்கம் 4 செ.மீ. விட்டு. பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளைக்குத் துளை 10 முதல் 12 செ.மீ., அதற்கு மேல் போனால் இடையில் ஈரம் நழுவி ஏறும். ஊதி, தூளை முழுதும் வெளியேற்றுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது இந்த வேலைதான். தூள் கிரீமைக் குடித்துவிடும், சுவருக்குக் கிடைக்காது. பிறகு கிரீம் குழாயைத் துளையின் கடைசி வரை செலுத்தி, அழுத்திக்கொண்டே பின்னால் இழுத்து, வாயிலிருந்து 1 செ.மீ. குறைய நிரப்புங்கள். வாயைச் சாந்தால் அடையுங்கள்.

கணக்கு: ஒரு துளை சுமார் 21 மில்லி கொள்ளும். மீட்டருக்கு ஒன்பது துளை என்றால் 190 மில்லி, சேதாரம் சேர்த்து 220. பத்து மீட்டர் சுவருக்கு 2.2 லிட்டர். ஒப்பந்தக்காரர் பத்து மீட்டரை அரை லிட்டரில் முடித்தேன் என்றால் துளைகள் காலியாக இருக்கின்றன. வேலை நடக்கும்போது காலிக் குழாய்களை எண்ணுங்கள்.

வீட்டின் மூலையில் இரண்டு சுவர் சேரும் இடத்திலும், நடுச்சுவர் வெளிச்சுவரில் முட்டும் இடத்திலும் துளை வரிசை அறுபடக் கூடாது. உள்தரை இருபுறமும் வெவ்வேறு மட்டத்தில் இருந்தால் வித்தியாசத்துக்கு ஏற்பச் செங்குத்தாகவும் ஒரு வரிசை வேண்டும். சரிவில் கட்டிய வீட்டில் இது அநேகமாக எல்லா நடுச்சுவரிலும் வரும்.

ஹாலோ பிளாக்கில் கிரீம் உள்வெற்றிடத்தில் விழுந்துவிடும், செய்ய வேண்டாம்.

எங்களுடையது ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். அதற்கு?

இரண்டு முகத்திலும் கல், நடுவில் உடைகல்லும் மண்ணும். காரை வரி நேராக ஓடாது, நடுவில் வெற்றிடங்கள் இருக்கும். மருந்து எங்கே போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. கல் தானாக நீரைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை, சாந்துதான் உறிஞ்சுகிறது. எனவே வெளிமட்டத்தைத் தாழ்த்தி, வாய்க்கால் போட்டு, சிமென்ட் பூச்சை எடுத்துச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் திரும்புவதுதான் சரி. இணைப்புகளில் போட்ட சிமென்டையும் சுரண்டிச் சுண்ணாம்பால் நிரப்புங்கள். கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும். அந்தச் சுவர் அப்படித்தான் வாழ்ந்தது.

பழைய பூச்சை எவ்வளவு எடுக்க வேண்டும்? என்ன கலவை பூசுவது?

ஈரக்கோட்டுக்கு மேல் 30 செ.மீ. வரை, குறைந்தது ஒரு மீட்டர் உயரம். பார்க்க நன்றாக இருக்கும் பூச்சையும் விடாதீர்கள், உப்பு அதில்தான் இருக்கிறது. வெட்டிய பூச்சை அன்றன்றே வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். காரை வரிகளை 15–20 மி.மீ. ஆழம் சுரண்டி, காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும்.

பிறகு பொறுங்கள். கொத்தனார் மறுநாளே பூச வருவார், அவருக்கு வேறு வேலை இருக்கிறது. குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் சுவரைத் திறந்தே போடுங்கள். பூக்கும் உப்பை வாரம் ஒருமுறை துடைத்தெடுங்கள்.

மறுபூச்சுக்குக் கல் சுவர், மண் சாந்துச் சுவர் என்றால் சுண்ணாம்பு 1, மணல் 3. கொஞ்சம் வேகமாக இறுக வேண்டும் என்றால் சுண்ணாம்பு 1, செங்கல் தூள் 1, மணல் 2. முதல் கை 10–12 மி.மீ., ஒரு வாரம் பத்து நாள் கழித்து இரண்டாம் கை 6–8 மி.மீ. ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெதுவாக இறுகவிடுங்கள். சிமென்ட் சாந்தில் கட்டிய செங்கல், பிளாக் சுவருக்குச் சிமென்ட் 1, சுண்ணாம்பு 1, மணல் 6. 10 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம், 20 மி.மீ. கனத்துக்குச் சிமென்ட் ஒன்றேகால் மூட்டை, நீற்றிய சுண்ணாம்புத் தூள் 25 கிலோ, பூச்சு மணல் 9–10 கன அடி. மணல் கழுவியதாக இருக்கட்டும். பூச்சின் அடி தரையைத் தொடாமல் 2 செ.மீ. இடைவெளி விட்டு நிறுத்துங்கள், ஓரப்பட்டை அதை மறைத்துவிடும்.

சுட்ட சுண்ணாம்பை நீங்களே நீற்றுவதென்றால் கண்ணாடி, கையுறை இல்லாமல் கிட்டே போகாதீர்கள். கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும்.

ஜிப்சம் பூச்சு, பி.ஓ.பி. எதையும் கீழ் ஒரு மீட்டரில் அனுமதிக்காதீர்கள். நிரந்தர ஈரத்தில் அது கூழாகிவிடும். பட்டியும் (வால் புட்டி) அங்கே வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஆறு மாதத்தில் உப்பு மறுபடி பூத்தது. வேலை தோற்றுவிட்டதா?

அவசியமில்லை. சுவரில் மிச்சமிருந்த ஈரம் காயும்போது கடைசி உப்பையும் இழுத்து வந்து போடும். காய்ந்த பிரஷ்ஷால் துடையுங்கள். எடைச் சோதனையை அதே உயரங்களில் திரும்பச் செய்து பழைய எண்களோடு ஒப்பிடுங்கள். எண் இறங்கியிருந்தால் வேலை நடக்கிறது.

மழைக்காலத்தில் மட்டும் நனைந்து, பிப்ரவரியில் காய்ந்துவிடும் திட்டுகள் வேறு கதை. சில உப்புகள் காற்றின் ஈரத்தையே உறிஞ்சும். ஜூலையில் கூடலூர்க் காற்றில் அந்தத் திட்டு தானாக நனையும். அதற்கு ஊசி தேவையில்லை. பூச்சை எடுத்து, உப்பை இழுத்துக்கொள்ளச் சுண்ணாம்பு–மணல் பூச்சைப் பூசி, ஓரிரு வருடத்தில் அதையும் உரித்துப் புதிதாகப் பூசினால் பெரும் பங்கு உப்பு அதோடு போய்விடும்.

நான்கு அடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால்?

ஐந்தாவது அடியில் உரியும்.

ஓதத்துக்கென்றே விற்கும் பெயின்ட்?

ஈரமான சுவரில் உள்பக்கம் அடித்தால் டைல்ஸ் கதைதான். காய்ந்த சுவருக்கு அது தேவையில்லை. சுண்ணாம்பு வெள்ளை மூன்று கை, அல்லது மூச்சுவிடும் மினரல் பெயின்ட் போதும்.

சுவரில் மாட்டினால் மின்காந்தத்தால் ஈரத்தைக் கீழே தள்ளும் பெட்டி விற்கிறார்கள்.

நம்பத்தகுந்த சான்று இல்லை. பணத்தை ஜல்லிக்குச் செலவிடுங்கள்.

ஈரச் சுவரில் பிளக் பாயின்ட் இருக்கிறது. தொட்டால் சுர்ரென்கிறது.

மெயினை அணைத்துவிட்டு இன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஓதச் சுவரில் இரும்புப் பெட்டி துருப்பிடித்து ஓட்டை விழும். கசிவு மின்னைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். பூச்சு வேலையின்போதே பெட்டிகளைத் தரையிலிருந்து 1.2 மீட்டருக்கு மேலே ஏற்றிவிடுங்கள். துளைபோடும் நாளில் அந்தச் சுவரின் இணைப்பு முழுதும் அணைந்திருக்க வேண்டும்.

எந்த மாதத்தில் வேலை வைப்பது? எத்தனை நாளில் காயும்?

ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை. தோண்டுவது, பூச்சை எடுப்பது, ஊசி எல்லாம் ஜனவரி–பிப்ரவரியில், உள்பூச்சு மார்ச்சில். உறைபனி விழும் இரவுகளில் வெளிப்புறச் சுண்ணாம்புப் பூச்சு வேண்டவே வேண்டாம், இறுகும் முன் நீர் உறைந்து பொரிந்துவிடும்.

காய்வதற்குப் பொதுவான கணக்கு, சுவர்க் கனத்தில் 25 மி.மீ.க்கு ஒரு மாதம். ஒன்பது இஞ்ச் சுவருக்கு ஒன்பது மாதம். அது நல்ல காற்றோட்டத்தில். நடுவில் ஒரு பருவமழை வரும் என்பதால் இங்கே ஒரு வருடத்துக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கீழே வெள்ளை மட்டும், பெயின்ட் கிடையாது.

சீக்கிரம் காய அறைக்குள் கரி அடுப்போ, கேஸ் ஹீட்டரோ வைக்கலாமா?

கூடாது. மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையில்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் அப்படித் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. கேஸ் ஹீட்டர் ஓதத்துக்கே எதிரான காரியம் செய்கிறது: ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி அறைக்குள் வரும், குளிர்ந்த சுவரில் படியும். புகைக்கூண்டு உள்ள கணப்பில் விறகு எரிப்பது நல்லது, கூண்டு அடைபடாமல் இருந்தால். இல்லாவிட்டால் மின் ஹீட்டர், மதியம் இரண்டு மணி நேரம் எதிரெதிர் ஜன்னல் திறப்பு. துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், ஒரு வாளித் துணி ஓரிரு லிட்டர் நீரைக் காற்றில் விடும்.

பழைய பங்களாவில் மரத்தரை மெத்தென்று அமுங்குகிறது.

வெளிச்சுவரின் அடியில் இரும்புக் கம்பி போட்ட சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். எலி வருகிறது என்று யாரோ சிமென்ட் பூசி மூடியிருப்பார்கள். திறந்து, நெருக்கமான கம்பிவலை போடுங்கள். பலகை ஒன்றைத் தூக்கி, உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் அந்த முனையை வெட்டிப் புது மரம் இணைத்து, சுவருக்குள் நுழையும் பகுதிக்குத் தாரட்டை (தார் ஏற்றிய அட்டை) சுற்றுங்கள்.

வாடகை வீடு. நாங்கள் என்ன செய்ய முடியும்?

கூரையோரத் தகர வாய்க்காலில் இலையை வாருவது, சுவரை ஒட்டிய மண்ணை விலக்குவது, பீரோவைச் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி வைப்பது. மீதி வீட்டுக்காரர் வேலை. அலுமினியத் தாள் சோதனையைப் படம் எடுத்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஜன்னல் திறக்காததுதான் காரணம் என்பார். சில நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

புதிதாகக் கட்டப் போகிறோம். பெல்ட் போடுகிறோம், அது போதாதா?

பெல்ட், அதாவது கடைக்காலின் மேல் சுற்றிப் போடும் கான்கிரீட் பட்டை, பாரம் தாங்கத்தான். கான்கிரீட்டும் நீர் உறிஞ்சும். அதன்மேல் ஈரத்தடுப்பு அடுக்கு தனியாக வேண்டும்: 1:2:4 கான்கிரீட் (சிமென்ட், மணல், ஜல்லி), அரை இஞ்சுக்கு மேற்படாத ஜல்லி, 40 மி.மீ. கனம், ஒரு மூட்டை சிமென்டுக்கு ஒரு கிலோ நீர்த்தடுப்புக் கலவை. ஏழு நாள் தண்ணீர் விட்டு, காயவைத்து, தூசி துடைத்து, மேலே 85/25 தரத் தாரைச் சூடாக, சதுர மீட்டருக்கு 1.7 கிலோ. 10 மீட்டர் நீள ஒன்பது இஞ்ச் சுவருக்குச் சிமென்ட் 30 கிலோ, கலவை 600 கிராம், தார் 4 கிலோ. மொத்தக் கட்டடச் செலவில் இது கண்ணுக்கே தெரியாது. வாசற்படிகளில் அறுபடலாம், வேறெங்கும் அறுபடக் கூடாது. தரைக்கு அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, இணைப்பில் ஒன்றன்மேல் ஒன்று 30 செ.மீ. படியவிட்டு, ஓரத்தைச் சுவரின் தடுப்பு அடுக்கோடு சேருங்கள்.

ஆனால் இதையெல்லாம்விட, மேட்டைத் தடுக்கும் சுவரையே வீட்டுச் சுவராக்காதீர்கள். தடுப்புச் சுவரைத் தனியாகக் கட்டி, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 75 மி.மீ. நீர்க்கண் (நீர் வெளியேறும் துளை) விட்டு, அதன் பின்னால் ஜல்லி நிரப்பி, வீட்டுக்கும் அதற்கும் இடையில் ஆள் நடந்து போகுமளவு 90 செ.மீ. விடுங்கள். அந்த இடைவெளியின் தரையில் வாட்டமாக ஒரு வாய்க்கால். இடம் வீணாகிறதே என்று பிறகு அதன்மேல் தகரம் போட்டு விறகு அறையாக்கிவிடாதீர்கள். வாய்க்கால் அடைப்பதைப் பார்க்க முடியாமல் போய்விடும்.